நான் அச்சிடாத செய்தி

2017 மார்ச் மாதத்தில் ஒரு செய்தியை நான் மறைத்தேன். கண்ணில் படாமல் போனது என்று சொல்ல முடியாது. படித்தேன், புரிந்தது, மறைத்தேன். அப்போது ஒரு நாளிதழின் விளையாட்டுப் பக்கம் என் பொறுப்பில் இருந்தது. எது வரும், எது வராது என்று முடிவு செய்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்த அதிகாரத்தை அன்று என் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பயன்படுத்தினேன்.

செய்தி ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸைப் பற்றியது. நமீபிய ஓட்டக்காரர். நாற்பது வயதைத் தாண்டிய தமிழ் வாசகர் சிலருக்கு அந்தப் பெயர் நினைவிருந்தால் அதில் என் பங்கும் உண்டு. வருஷக்கணக்கில் அவரைப் பற்றி விடாமல் எழுதியவன் நான். ஏன் எழுதினேன் என்று கேட்டால் அதற்குப் பின்னால் இன்னொரு தப்பு இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1996, அட்லாண்டா ஒலிம்பிக். 200 மீட்டர் இறுதி ஓட்டம் அங்கே ஆகஸ்ட் 1 இரவு நடந்தது. நமக்கு 2ஆம் தேதி காலை. மைக்கேல் ஜான்சன் தங்க நிறக் காலணியோடு ஓடி 19.32 வினாடியில் முடித்தார். உலகம் வாயைப் பிளந்தது. அவருக்குப் பின்னால் வந்தவரின் நேரம் 19.68. இத்தாலியின் மென்னேயா 1979இல் ஓடிய 19.72, அந்த ஜூன் மாதம் வரை ஏறக்குறைய 17 ஆண்டுகள் உலக சாதனையாக நின்றிருந்தது. இரண்டாவதாக வந்தவர் அதையும் தாண்டியிருந்தார். ஜான்சன் ஒருவரைத் தவிர அவரைவிட வேகமாக 200 மீட்டர் ஓடிய மனிதர் அன்றைக்கு இல்லை.

எங்கள் பக்கம் இரவில்தான் மூடும். பகல் முழுக்க என் கையில் இருந்தது. அவசரத்தில் நடந்தது என்ற சாக்கு எனக்குக் கிடையாது.

செய்தியை மொழிபெயர்த்த தம்பி 'நமீபியாவின் ஃபிரெடெரிக்ஸ்' என்று சரியாக எழுதியிருந்தார். நான் நமீபியாவை அடித்துவிட்டு நைஜீரியா என்று திருத்தினேன். கால்பந்து அரையிறுதியில் நைஜீரியா அப்போதுதான் பிரேசிலை வீழ்த்தியிருந்தது. அந்த வாரம் ஆப்பிரிக்கா என்றால் என் தலைக்குள் நைஜீரியாதான். நமீபியா என்று ஒரு நாடு இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது. நான் படித்த அட்லஸில் அது தென்மேற்கு ஆப்பிரிக்கா. அதன் விடுதலை இயக்கமான ஸ்வாப்போவுக்கு 1986இலேயே இந்தியா டெல்லியில் தூதரகம் திறக்க இடம் கொடுத்தது. 1990 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவிடமிருந்து அந்த நாடு விடுதலை பெற்றது. எங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்தது. என் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை நான் புரட்டுவதில்லை.

புரூஃப் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். என்னைவிட நிறைய மூத்தவர். மாலையில் மாடியேறி வந்து என் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். ஒரு கையில் புரூஃப், இன்னொரு கையில் ஏஜென்சி காப்பி. ஆங்கிலக் காப்பியில் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார்.

"சார், இதுல நமீபியான்னு இருக்கு. நம்ம பக்கத்துல நைஜீரியான்னு வந்திருக்கு."

நான் காப்பியை வாங்கிப் பார்க்கவில்லை. வாங்கியிருந்தால் ஐந்து வினாடியில் முடிந்திருக்கும்.

"ஸ்போர்ட்ஸ் நான் பாத்துக்கறேன். நீங்க ஒற்றும் சந்தியும் பாருங்க, போதும்."

சுற்றிலும் நான்கைந்து பேர் இருந்தார்கள். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர் இரண்டு தாளையும் ஒன்றாக மடித்துக்கொண்டு கீழே போனார்.

செய்தி நைஜீரியா என்றே வெளியானது. சில நாளில் ஒரு வாசகரின் அஞ்சலட்டை வந்தது. பள்ளி ஆசிரியர் போலிருக்கிறது. நமீபியாவுக்கும் நைஜீரியாவுக்கும் இடையில் எந்தெந்த நாடுகள் இருக்கின்றன என்று வரிசையாக எழுதியிருந்தார். பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "யாருய்யா பாத்தது?" என்றார். நான் யோசிக்கக்கூட இல்லை. "புரூஃப்ல விட்டுட்டாங்க சார்" என்றேன்.

பெரியவருக்கு மெமோ போனது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கொடுத்திருந்தாலும் யார் நம்பியிருப்பார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார். அதன் பிறகும் தினமும் என் பக்கத்தைப் படித்தார், பிழைகளைத் திருத்தினார். ஆனால் மாடியேறி வந்து எதையும் கேட்டதில்லை. அவர் கேட்காமல் விட்டதால் எத்தனை தப்புகள் அச்சேறினவோ. அவர் ஓய்வுபெற்ற அன்று நடந்த பாராட்டுக் கூட்டத்துக்கு, வேலை இருப்பதாகச் சொல்லி நான் போகவில்லை. இப்போது அவர் உயிரோடு இல்லை. மன்னிப்புக் கேட்க எனக்கு வருஷங்கள் இருந்தன. கேட்கவில்லை.

அதற்குப் பதிலாக ஃபிரெடெரிக்ஸைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். உள்ளூரில் ஒரு மனிதருக்குச் செய்ய வேண்டியதை, என்னை அறியவே அறியாத வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குச் செய்தேன். மலிவான பரிகாரம். செலவில்லை, தலை குனிய வேண்டியதில்லை, எழுதினால் பேரும் கிடைக்கும்.

ஆனால் கதை உண்மையிலேயே பெரியது. 1967 அக்டோபர் 2 அன்று விண்ட்ஹூக்கில் பிறந்தவர். தையல் வேலை செய்து வளர்த்தவர் அம்மா. நிறவெறி தென்னாப்பிரிக்காவை விளையாட்டு உலகம் ஒதுக்கி வைத்திருந்த காலம் அது. அதன் பிடியில் இருந்த நாட்டுப் பையன்களுக்கும் வெளிக்கதவு சாத்தியே கிடந்தது. ரோசிங் யுரேனியச் சுரங்க நிறுவனம் அவரைப் பயிற்சிக்கு எடுத்து, அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள பிரிகம் யங் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பியது. கணினி படித்தார், ஓடினார். 1991இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் 100, 200 இரண்டிலும் முதலிடம். நாடு விடுதலையாகி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதே கோடையில் டோக்கியோ உலகப் போட்டி. 100 மீட்டரில் 9.95 ஓடியும் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது. அப்படிப்பட்ட பந்தயம் அது. 200 மீட்டரில் ஜான்சனுக்குப் பின்னால் வெள்ளி.

மறுவருஷம் பார்சிலோனா. நமீபியாவுக்கு அது முதல் ஒலிம்பிக். மொத்த நாட்டிலும் சுமார் 14 லட்சம் பேர்தான். அந்த நாட்டுக்காரர் 100 மீட்டரில் ஒரு வெள்ளி, 200 மீட்டரில் ஒரு வெள்ளி வாங்கினார். 1993இல் ஸ்டுட்கார்ட்டில் 19.85 ஓடி உலக சாம்பியன் ஆனார். 1994இல் காமன்வெல்த் தங்கம். 1996 பிப்ரவரியில் பிரான்ஸின் லியேவானில் உள்ளரங்கத்தில் 19.92. இருபது வினாடிக்குள் உள்ளரங்கில் 200 மீட்டர் ஓடிய முதல் மனிதர். அந்த ஜூலையில் லோசானில் 100 மீட்டரை 9.86இல் முடித்தார், உலக சாதனையைவிட வினாடியில் நூற்றில் ஒரு பங்குதான் அதிகம். அதே வாரம் ஆஸ்லோவில் ஜான்சனையே தோற்கடித்தார். இரண்டு வருஷமாக 200 மீட்டரில் ஜான்சனை எவரும் முந்தியதில்லை.

அதன் பிறகுதான் அட்லாண்டா. 100 மீட்டரில் மூன்று முறை தவறான தொடக்கம். நடப்புச் சாம்பியன் கிறிஸ்டியே வெளியேற்றப்பட்டார். கடைசியில் டோனவன் பெய்லி 9.84 ஓடி உலக சாதனை படைக்க, ஃபிரெடெரிக்ஸ் 9.89இல் இரண்டாவது. 200 மீட்டரிலும் எதிராளியின் உலக சாதனைக்குப் பின்னால்தான் அவருடைய வெள்ளி. இரண்டு ஒலிம்பிக், நான்கு இறுதி ஓட்டம், நான்கு வெள்ளி. தங்கம் இல்லை. அவருக்குப் பிறகு நமீபியாவுக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 2021 வரை ஆனது. கிறிஸ்டீன் எம்போமா வாங்கினார். அதுவும் 200 மீட்டர், அதுவும் வெள்ளி.

இவற்றை எழுதியதில் தப்பில்லை. தப்பு, நான் மேலே பூசியது. பார்சிலோனா 100 மீட்டரில் தங்கம் வென்ற கிறிஸ்டி 1999இல் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். வெண்கலம் வென்ற டென்னிஸ் மிட்செல் 1998இல் சிக்கினார். நடுவில் நின்றவர் மீது எந்தப் புகாரும் இல்லை. எனக்கு இது போதும். அவரை உத்தமராக்கினேன். 2000இல் காயத்தால் சிட்னிக்குப் போக முடியவில்லை, எழுதினேன். 2002இல் மான்செஸ்டரில் மறுபடி காமன்வெல்த் தங்கம் வாங்கினார், எழுதினேன். 2004 ஏதென்ஸில், மருந்துச் சோதனைக்கு வராமல் விலகிய தங்கள் ஊர்க்காரர் கென்டெரிஸின் பெயரைச் சொல்லிக் கூட்டம் கத்திக் கத்தி ஓட்டத்தையே தாமதப்படுத்தியது. அந்தக் கூச்சலுக்கு நடுவில் 36 வயதில் 20.14 ஓடி நான்காவதாக வந்து ஓய்வுபெற்றார். அதைக் கண்ணீர் வர எழுதினேன். பள்ளிகளில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். போகிற இடத்திலெல்லாம் ஒரு வாக்கியம் சொல்வேன்: "மருந்தும் பணமும் தொட முடியாத மனிதர்." கைதட்டுவார்கள். மருந்துக்காவது சோதனை முடிவுகள் இருந்தன. பணத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. வாக்கியத்துக்கு ஓசை வந்தது, சேர்த்துக்கொண்டேன்.

இனி மார்ச் 2017.

ஃபிரெடெரிக்ஸ் அப்போது சர்வதேச ஒலிம்பிக் குழுவின் உறுப்பினர். 2024 ஒலிம்பிக் நகரத்தை மதிப்பிடும் குழுவுக்குத் தலைவர். பிரெஞ்சு நாளிதழான லெ மோந்த் ஒரு செய்தி வெளியிட்டது. 2009 அக்டோபர் 2 அன்று கோபன்ஹேகனில் வாக்கெடுப்பு நடந்து 2016 ஒலிம்பிக் ரியோவுக்குப் போனது. அதே நாளில், உலகத் தடகளக் கூட்டமைப்பின் அன்றைய தலைவர் லாமின் டியாக்கின் மகனுடைய நிறுவனத்திலிருந்து, ஃபிரெடெரிக்ஸோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு 2,99,300 டாலர் போயிருக்கிறது. அந்த வாக்கெடுப்பை மேற்பார்வையிட்டவர்களில் அவரும் ஒருவர். அவருடைய பிறந்த நாளும் அதுதான். பணம் ஆப்பிரிக்கத் தடகளத்தை வளர்க்கச் செய்த வேலைக்கான ஒப்பந்தக் கூலி, வாக்கெடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அவர் மறுத்தார்.

எங்கள் டெஸ்க்கில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் அதை எடுத்துச் சுருக்கமாக, சுத்தமாக எழுதிக்கொண்டு வந்தார். குற்றச்சாட்டு ஒரு பத்தி, மறுப்பு ஒரு பத்தி. ஒரு சொல் கூடக் கூடுதல் இல்லை.

"சார், நீங்க எழுதுவீங்கள்ல, அவரைப் பத்தி."

படித்தேன். காது சூடானது. என் பத்திகளைத் தொகுத்த புத்தகம் அப்போது அச்சகத்தில் இருந்தது. அட்டையில் அவர் படம். 'மருந்தும் பணமும்' வாக்கியம் பின்னட்டையில். எனக்கு அந்த நிமிஷம் நமீபியாவும் ஞாபகம் வரவில்லை, வாசகரும் ஞாபகம் வரவில்லை. அட்டைதான் ஞாபகம் வந்தது.

"பெங்களூரு டெஸ்டுக்கே இடம் பத்தலம்மா. லயன் எட்டு விக்கெட் எடுத்திருக்கான். இதை யாரு படிப்பா? நம்ம ஊர்ல இவரை யாருக்குத் தெரியும்?"

இதைச் சொன்னவன், இவரை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவன்.

அந்தப் பெண் விடவில்லை. 7ஆம் தேதி மறுபடி வந்தார். மதிப்பீட்டுக் குழுத் தலைவர் பதவியிலிருந்து ஃபிரெடெரிக்ஸ் விலகியிருந்தார். அன்றைக்கு இந்தியா பெங்களூரில் ஜெயித்திருந்தது. அதே சாக்கு. ஆனால் பக்கம் கட்டும்போது அடியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது. அந்தப் பெண்ணின் செய்தி கச்சிதமாக அதில் உட்கார்ந்திருக்கும். நான் ஒரு டென்னிஸ் வீராங்கனையின் படத்தை மூன்று பத்தி அகலத்துக்குப் பெரிதாக்கி அந்த இடத்தை அடைத்தேன். அந்தப் பெண் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. அடுத்த மாதம் வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடைய கூர்மை விளையாட்டுப் பக்கத்துக்குக் கிடைத்திருக்க வேண்டியது. நான் விரட்டினேன்.

அச்சகத்துக்கு ஒரு போன் செய்திருந்தால் பின்னட்டையை மாற்றியிருக்கலாம். செய்யவில்லை. புத்தகம் வெளியானது. எனக்குப் பொய்யென்று தோன்றத் தொடங்கிவிட்ட ஒரு வாக்கியத்தைத் தெரிந்தே அச்சிட்டு, விலை போட்டு விற்றேன். ஜூலையில் தடகளக் கூட்டமைப்பின் நேர்மைப் பிரிவு அவரைத் தற்காலிகமாக விலக்கி வைத்தது. நவம்பரில் ஒலிம்பிக் குழுவும் அதையே செய்தது. இரண்டையும் நான் போடவில்லை. ஒரு தடவை மறைத்தவனுக்கு அடுத்த தடவை எளிது.

இதற்கு விலை கொடுத்தவர் இன்னொருவர். ஓர் அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். என் புத்தகத்திலிருந்து ஃபிரெடெரிக்ஸ் அத்தியாயத்தை நகலெடுத்து விளையாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தார். சக ஆசிரியர் ஒருவர் பையன்கள் முன்னால், "இவன் மாட்டுனவன் சார்" என்று சொல்லியிருக்கிறார். வாட்ஸ்அப்பில் வந்த அரைகுறைத் தகவல் அது. ஊக்கமருந்து என்று அதில் போட்டிருந்ததாம். இவர் எனக்குப் போன் செய்தார். "அப்படி ஒண்ணும் கிடையாது சார், நம்பாதீங்க" என்றேன். மருந்து விஷயத்தில் நான் சொன்னது உண்மை. பணத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் என்னை நம்பி, அத்தனை பேர் முன்னாலும் அடித்துப் பேசியிருக்கிறார். மறுநாள் அந்தச் சக ஆசிரியர் பணப் புகாரைப் பற்றிய ஆங்கிலச் செய்தியைக் கைபேசியில் எடுத்துக் காட்டியிருக்கிறார். பையன்கள் சிரித்தார்களாம். அவரே சுவரிலிருந்து தாள்களைக் கிழித்திருக்கிறார்.

சில மாதம் கழித்து ஒரு போட்டி மைதானத்தில் எதிர்ப்பட்டார். "சார், புத்தகம் போடும்போது உங்களுக்குத் தெரியுமா?" என்றார். "அப்பத் தெரியாது சார்" என்றேன். அவர் தலையாட்டினார். அது நேருக்கு நேர் நான் சொன்ன பொய். மற்றதையெல்லாம் மறைப்பு என்று நான் மழுப்பிக்கொள்ளலாம். இதை மழுப்ப முடியாது.

ஃபிரெடெரிக்ஸுக்கும் நான் நல்லது செய்யவில்லை. செய்தியை மறைத்தபோது அவருடைய மறுப்பையும் சேர்த்து மறைத்தேன். அவர் மீது இருந்தது என்ன, இல்லாதது என்ன என்று என் வாசகருக்கு நான் பிரித்துச் சொல்லவில்லை. அந்த வெற்றிடத்தில் அவர் செய்யாத குற்றம் ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒரு காலத்தில் அவருடைய நாட்டையே மாற்றிப் போட்டவன், பிற்பாடு அவர் மீதான புகாரும் மாறிப்போக இடம் கொடுத்தேன்.

புத்தகத்தை வாங்கியவர்கள் பின்னட்டையில் உள்ள அந்த வாக்கியத்தை அடித்துவிடுங்கள். வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரவும் தயாராக இருக்கிறேன். அந்தப் பெண் எழுதிக் கொண்டுவந்த செய்தி இனி பக்கத்தில் ஏறாது. அதை இங்கே, பின்னால் நடந்ததையும் சேர்த்து, கீழே தருகிறேன். என்னுடைய பெயரடை எதுவும் இதில் இல்லை.

ரியோ நகரம் 2016 ஒலிம்பிக்கைப் பெற்ற நாளில் தன்னோடு தொடர்புடைய நிறுவனத்துக்கு வந்த 2,99,300 டாலர் குறித்துக் கேள்வி எழுந்ததால், நமீபிய முன்னாள் ஓட்டக்காரர் ஃபிராங்கி ஃபிரெடெரிக்ஸ் 2017 மார்ச்சில் ஒலிம்பிக் மதிப்பீட்டுக் குழுத் தலைவர் பதவியிலிருந்து விலகினார். பிரெஞ்சு நீதிபதிகள் அவரை முறையான விசாரணைக்கு உட்படுத்தினர். தான் தவறு எதுவும் செய்யவில்லை என்று அவர் கூறினார். அவர் ஒலிம்பிக்கில் நான்கு வெள்ளிப் பதக்கங்கள் வென்றவர். ஊக்கமருந்துப் புகார் எதுவும் அவர் மீது இருந்ததில்லை.